அவளுக்கு நான் எழுதாத வசனம்

என்னை விட்டுப் பிரிந்துபோன ஒரு பெண்ணை மேடையில் ஏற்றிப் பழிவாங்கினேன். பெயரைப் போடவில்லை. ஊரை மாற்றினேன், வேலையை மாற்றினேன். ஆனால் அவள் பேசும் விதத்தை அப்படியே எடுத்து ஒரு நகைச்சுவை நாடகத்துக்குள் வைத்தேன். சபா முழுக்கச் சிரித்தது, அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்தும் இருந்தது. விஷயம் அவள் வீடு வரைக்கும் போய்விட்டது என்று தெரிந்த பிறகும், அதே நாடகம் மறுபடி மேடையேறச் சம்மதித்தேன். முதல் தடவை ஆத்திரத்தில் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டாம் தடவைக்குச் சொல்ல என்னிடம் எந்தச் சமாதானமும் இல்லை.

இதை யோசிக்கும்போதெல்லாம் என் மனம் அமெரிக்க சிட்காம்களிடம் போய் நிற்கிறது. பழியை அவற்றின் தலையில் கட்டுவதற்காக அல்ல. நாடகம் எழுதத் தொடங்கிய காலத்தில் எனக்குப் பள்ளிக்கூடமே அவைதான். கேபிளில் வந்ததைப் பார்த்தேன், பிறகு பர்மா பஜாரில் டிவிடி வாங்கிவந்து தேயத் தேயப் பார்த்தேன். மடியில் ஒரு நோட்டு இருக்கும். எத்தனை வரிக்கு ஒரு சிரிப்பு விழுகிறது, எந்த இடத்தில் நிறுத்துகிறார்கள், எப்போது கதவைத் திறந்துகொண்டு ஆள் வருகிறது என்று குறித்துக்கொள்வேன். அவ்வளவு கவனமாகப் பார்த்தவன், அவை சொன்னதில் பாதியைக் காதில் வாங்கவே இல்லை. அதுதான் என் குற்றத்தின் ஆரம்பம்.

பிரிந்தவர்கள் திரும்பிவந்து கணக்குத் தீர்ப்பது சிட்காமில் அடிக்கடி வரும் சங்கதி. அதில் என் மனதில் முதலில் நிற்பது 'ஃப்ரெண்ட்ஸ்' தொடரின் ஒரு கதை. 1996 ஜனவரி 28 அன்று, சூப்பர் பவுல் ஆட்டம் முடிந்த கையோடு ஒளிபரப்பானது. அமெரிக்காவில் ஐந்து கோடிப் பேருக்கு மேல் பார்த்தார்கள். ஜூலியா ராபர்ட்ஸ் அதில் சூசி மாஸ் என்ற பெண்ணாக வருகிறார். தொடரின் நாயகர்களில் ஒருவனான சாண்ட்லருக்குப் பழைய காதலி என்று சொல்ல முடியாது, நான்காம் வகுப்புத் தோழி. பள்ளி நாடகத்தின்போது, மேடையில், அவள் பாவாடையைச் சாண்ட்லர் தூக்கிவிட்டான். அரங்கமே பார்த்தது. அன்று ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர் 18 வயது வரை அவளை விடவில்லை. வளர்ந்த பிறகு சந்திக்கும்போது சாண்ட்லர் அதை வேடிக்கையாகப் பேசிக் கடந்துவிடுகிறான். அவள் அவனைக் காதலிப்பதுபோல் பழகி, தன் உள்ளாடையை அவன் அணிந்துகொள்ளும்படி செய்து, ஓர் உணவகக் கழிவறையில் அவனை அந்தக் கோலத்தில் விட்டுவிட்டு, அவன் துணிமணிகளை எடுத்துக்கொண்டு போய்விடுகிறாள்.

கழிவறைக் கதவுக்குப் பின்னால் அவன் படும் பாட்டை எத்தனையோ தடவை ரசித்திருக்கிறேன். ஒரு சிறுமியை மேடையில் வைத்து மற்றவர்களைச் சிரிக்கவைத்தவனுக்கு அது ஒரு நிமிட விளையாட்டு, அவளுக்கு அது பள்ளிப் பருவம் முழுக்க என்ற செய்தி அந்தக் கதையிலேயே இருக்கிறது. ஜூலியா ராபர்ட்ஸ் அதைச் சொல்லும்போது முகத்தில் சிரிப்பு இல்லை. என் நோட்டில் அந்த இடத்துக்கு நேராக நான் எதுவுமே எழுதியிருக்கவில்லை. நான் எண்ணிக்கொண்டிருந்தது சிரிப்பை மட்டும்தானே!

'சைன்ஃபெல்ட்' தொடரின் கடைசிக் கதை வேறு விதம். 1998 மே 14. ஏழரைக் கோடிக்கும் மேற்பட்டவர்கள் பார்த்தார்கள். முன்பே தொடரை விட்டுப் போயிருந்த எழுத்தாளர் லேரி டேவிட் அதை எழுதுவதற்காகத் திரும்பி வந்தார். நாயகர்கள் நால்வரும் மாசசூசெட்ஸில் ஒரு சிற்றூரில், கண்ணெதிரே ஒருவனைத் துப்பாக்கி காட்டி வழிப்பறி செய்வதைக் கேலி பேசிக்கொண்டு வேடிக்கை பார்க்கிறார்கள். ஆபத்தில் இருப்பவருக்கு உதவவில்லை என்று வழக்கு. இவர்கள் எப்பேர்ப்பட்டவர்கள் என்று காட்ட, ஒன்பது வருடமாக இவர்களால் காயப்பட்ட ஆட்களை அரசுத் தரப்பு ஒவ்வொருவராகக் கூண்டில் ஏற்றுகிறது. நால்வரில் ஒருவனான ஜெர்ரியின் முன்னாள் காதலிகளும் அதில் உண்டு. தன் உடம்பு நிஜமா பொய்யா என்று வேவு பார்க்க ஆள் அனுப்பப்பட்ட சிட்ரா வருகிறாள். மார்லா என்ற இன்னொருத்தியும் வருகிறாள். நால்வருக்கும் ஒரு வருடச் சிறை.

அந்த முடிவு நிறைய ரசிகர்களுக்குப் பிடிக்கவில்லை. எனக்கும் பிடிக்கவில்லை. சிரிக்கவைத்தவர்களை இப்படியா அனுப்புவது என்று நண்பர்களிடம் சண்டையே போட்டிருக்கிறேன். இன்று யோசித்தால், என்னைத் தொந்தரவு செய்தது வேறு. ஒரே ஒரு கதையில் வந்து, சிரிப்புக்குப் பயன்பட்டு, காணாமல் போயிருக்க வேண்டிய பெண்கள், திரும்பி வந்து வாய் திறந்து பேசுகிறார்கள். அவர்களுக்கு அந்த இடம் கிடைத்ததே எனக்கு உறுத்தியது. அவர்கள் பேசியதில் ஒரு வார்த்தையாவது தப்பா என்று நான் யோசித்துப் பார்த்ததே இல்லை.

'டூ அண்ட் எ ஹாஃப் மென்' தொடரில், 2011 செப்டம்பரில், நாயகன் சார்லி ஹார்ப்பரின் இறுதிச் சடங்குக்கு அவன் பழைய காதலிகள் திரண்டுவந்து வஞ்சம் தீரப் பேசுவார்கள். ஆனால் நடிகர் சார்லி ஷீனும் தயாரிப்புத் தரப்பும் ஊரறியச் சண்டை போட்டுப் பிரிந்த பிறகு எழுதப்பட்டது அது. அந்தப் பெண்களின் வாயில் யாருடைய கோபம் பேசியது என்று எனக்குச் சந்தேகம் உண்டு. அதை விட்டுவிடுகிறேன்.

என் கதைக்கு வருகிறேன்.

அவளுக்குப் பதற்றம் வந்தால் பேச்சு ஒரு மாதிரி மாறும். எப்படி மாறும் என்று இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அது மூன்றாம் முறை மேடையேற்றியதாகும். நாங்கள் சேர்ந்திருந்த காலத்தில் அதை நண்பர்கள் நடுவே பேசிக் காட்டுவேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவளும் ஆரம்பத்தில் சிரித்தாள். பிறகு ஒருநாள், "நீ பேசிக் காட்டும்போது எல்லாரும் என்னப் பாத்து சிரிக்கறாங்க. நான் எங்க பாக்கறதுன்னு தெரியல" என்றாள். "உனக்கு ஹியூமரே புரியல" என்றேன். அவள் அதற்கப்புறமும் பலமுறை சொல்லிப் பார்த்தாள். கடைசியில் ஒரு புதுமனை புகுவிழாவில், அவள் அலுவலக ஆட்கள் இருக்கும்போதே செய்து காட்டினேன். சாப்பாட்டுக்கு நிற்காமல் ஆட்டோ பிடித்துப் போய்விட்டாள். அடுத்த வாரம் போனில், சத்தம் போடாமல், இதோடு போதும் என்று சொன்னாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

அந்த வருடமே நாடகம் எழுதினேன். கல்யாணத்துக்கு வரன் தேடி அலையும் ஒரு நல்ல பையன், அவனை நடுவழியில் விட்டுவிட்டுப் போகும் ஒரு விசித்திரப் பெண். அவள் பேச்சு முழுக்க, அந்தப் பதற்றப் பேச்சு.

ஒத்திகை ஒரு நண்பர் வீட்டு மொட்டை மாடியில் நடந்தது. அந்தப் பாத்திரத்தை ஏற்றவர் வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே நடிக்க வருபவர். வசனத்தாளில் பென்சிலால் கோடு போட்டு, ஓரத்தில் கேள்வி எழுதி வைத்துக்கொள்ளும் பழக்கம் உள்ளவர். டீ வந்த இடைவெளியில் தாளை என்னிடம் நீட்டினார்.

"சார், இந்தப் பொண்ணு ஏன் அவன விட்டுட்டுப் போறா? காரணமே இல்லையே."

"காமெடிக்கு அதெல்லாம் வேண்டாம்மா. டைமிங் மட்டும் பாத்துக்குங்க."

"இல்ல சார், எனக்குத் தெரிஞ்சா நடிக்க சுலபமா இருக்கும்."

"அவ அப்படித்தான்னு வெச்சுக்குங்க."

அவர் அந்தக் கேள்வியைப் பென்சிலாலேயே அடித்துவிட்டார். அவள் போன காரணம் எனக்குத் தெரியும். அதை எழுதினால் அந்த நல்ல பையன் நல்லவனாக இருக்க மாட்டான். நாடகமே நிற்காது. அதனால் அவளிடமிருந்து காரணத்தைப் பிடுங்கிக்கொண்டு, பேச்சை மட்டும் விட்டுவைத்தேன்.

இதே காட்சியை நான் முன்பே பார்த்திருந்தேன் என்பதுதான் எனக்கு இன்றும் தாங்க முடியாதது. 'ஃப்ரேசியர்' தொடரில், 1996 பிப்ரவரியில் வந்த ஒரு கதை. ஃப்ரேசியரைத் திருமண நாளில் கைவிட்டுப்போன டயான், 'சியர்ஸ்' தொடரிலிருந்து பார்வையாளர்களுக்குத் தெரிந்தவள், சியாட்டிலுக்கு வருகிறாள். நாடகம் எழுதி வைத்திருக்கிறாள். ஃப்ரேசியர் ஒத்திகைக்குப் போனால், மேடையில் 'சியர்ஸ்' தொடரின் அந்தப் பழைய பாஸ்டன் மதுக்கடை. அங்குள்ள எல்லோரும் டயானைப் போன்ற ஒருத்தியைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். அவளால் கைவிடப்பட்ட, ஃப்ரேசியரைப் போன்ற மனநல மருத்துவரும் சிரித்த முகமாக அவளை மன்னித்துவிடுகிறார். அந்த வேடம் போடும் நடிகருக்கு அது ஒட்டவில்லை. திருமண மேடையில் கைவிட்ட ஒருத்தியிடம் இவன் எப்படி இப்படி நடந்துகொள்வான் என்று கேட்கிறார். அவ்வளவுதான். ஃப்ரேசியர் எழுந்துவிடுகிறார். பத்து வருடமாக அடக்கி வைத்திருந்த அத்தனையும் எல்லோர் முன்னாலும் கொட்டுகிறது. ஃப்ரேசியராக வரும் கெல்சி கிராமர் அந்த இடத்தில் நடிப்பதைப் பார்க்கும்போது சிரிப்பும் வரும், வயிற்றைப் பிசையவும் செய்யும். அதன் பிறகுதான் டயான் தான் செய்ததை உணர்ந்து, மனதாரப் பேசுகிறாள்.

நான் அதைப் பார்த்தபோதெல்லாம் ஃப்ரேசியரின் இடத்தில் என்னை வைத்துக்கொண்டேன். கைவிடப்பட்டவன் நான்தானே! என் நாடகம் அந்த வெடிப்பு என்று நினைத்தேன். ஆனால் பேனா யார் கையில் இருந்தது? நடந்ததைத் தனக்கு ஏற்றபடி மாற்றி எழுதிக்கொண்ட டயான்தான் நான். டயானுக்காவது, எழுந்து நின்று இல்லை என்று கத்த ஃப்ரேசியர் அந்த அரங்கில் இருந்தார். நான் எழுதியவளுக்கு அப்படி யாரும் இல்லை.

முதல் காட்சி முடிந்து வாசலில் எல்லோரும் கை குலுக்கிக்கொண்டிருந்தார்கள். கூட்டம் கலைந்த பிறகு, ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி அவள் தம்பி நின்றான். யாரோ சொல்லி வந்திருக்கிறான்.

"அண்ணா, அது அக்காதானே?"

"சேச்சே, எல்லாம் கற்பனைப்பா."

அவன் மேலே ஒன்றும் கேட்கவில்லை. நான் அவனுக்கு வேலைக்கு மனு எழுதிக் கொடுத்தவன், வீட்டுக்குப் போனால் என் வண்டியை வாங்கி ஒரு சுற்று ஓட்டிவிட்டு வருவான். அன்றும் என்னை அண்ணா என்றுதான் கூப்பிட்டான். நான் பொய் சொன்னேன் என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

சில மாதம் கழித்து இன்னொரு சபாவில் கேட்டார்கள். சரி என்றேன். அது போதாதென்று, பழைய வசனத்தைத் திருத்தவும் உட்கார்ந்தேன். முதல் காட்சியில் எங்கே சிரிப்பு அதிகமாக விழுந்ததோ, அந்த இடத்தில் அவள் பேச்சில் இன்னும் நாலு வரி சேர்த்தேன். ஆத்திரம் அதற்குள் அடங்கிவிட்டிருந்தது. நிதானமாக, மேஜை விளக்கைப் போட்டுக்கொண்டு, கைத்தட்டலுக்காகச் செய்தேன்.

காதலித்தவர்களைக் கதையில் வைப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. எழுதுகிறவனுக்கு வேறு சரக்கு ஏது? 'சைன்ஃபெல்ட்' தொடரின் எலேன், ஜெர்ரியின் முன்னாள் காதலி. அவளை உருவாக்கியதில் ஜெர்ரி சைன்ஃபெல்ட் நிஜ வாழ்க்கையில் காதலித்த கேரல் லைஃபருக்கும் பங்கு உண்டு. லைஃபரும் மேடைச் சிரிப்புக் கலைஞர். 1993இல் அதே தொடருக்கு எழுத்தாளராகவே வந்து சேர்ந்தார், கதைகள் எழுதினார். எலேனுக்குப் புத்தி உண்டு, கோபம் உண்டு, ஜெர்ரியை மடக்கும் நாக்கு உண்டு. பெரும்பாலான சமயம் அவள்தான் அந்த அறையில் கூர்மையான ஆள். பழைய காதலியை நினைத்துப் பாத்திரம் படைப்பதற்கும் நான் செய்ததற்கும் உள்ள தூரம் எனக்கு அங்கேதான் தெரிகிறது. என் நாடகத்தில் அந்தப் பெண்ணுக்கு, அவனைப் பார்த்து, "நீ என்னக் கேலி பண்ணாத" என்று சொல்ல ஒரு வரி நான் எழுதவில்லை. அவள் எனக்கு நிஜத்தில் பலமுறை சொன்ன வரி அது. யோசித்து எழுத வேண்டிய அவசியம்கூட இல்லை, நினைவிலிருந்து எடுத்து வைத்திருந்தால் போதும்.

மன்னிப்புக் கேட்டேனா என்றால், இல்லை. அவளுக்கு இப்போது குடும்பம் இருக்கிறது, என் கடிதம் அவள் வீட்டுக்குள் போய் இன்னொரு சங்கடத்தைக் கிளப்ப வேண்டாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அதில் உண்மையும் இருக்கிறது, பயமும் இருக்கிறது. எது அதிகம் என்று கேட்டால் பயம்தான். தம்பியிடம் சொல்லியிருக்கலாம். அவன் வாசலில் நின்றபோதே சொல்லியிருக்கலாம்.

நாடகக் குழு கலைந்து வெகுநாள் ஆகிறது. ஆனால் அந்தக் காலத்து நண்பர்கள் கல்யாணம் காட்சியில் என்னைப் பார்த்தால், இன்றும் அந்த வசனத்தை அவள் பேசுகிற மாதிரியே பேசிக் காட்டுவார்கள். என்னைப் பாராட்டுவதாக நினைத்துத்தான் செய்கிறார்கள். அது யாருடைய பேச்சு என்று அவர்களில் பலருக்குத் தெரியாது. வேண்டாம், நிறுத்துங்கள் என்று நான் இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. போன மாதம் ஒரு ரிசப்ஷனில்கூட ஒருவர் செய்து காட்டினார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.