பேர் வெட்டின தவலை

தமிழ்நாட்டுக் குடும்பங்களில் தாத்தாவின் பிறந்த தேதி யாருக்கும் தெரியாது. ஆனால் பித்தளை அண்டாவின் தேதி தெரியும். யார், யாருக்கு, எந்தக் கல்யாணத்துக்குக் கொடுத்தது என்று முழு ஜாதகமும் அதன் கழுத்திலேயே வெட்டியிருக்கும்.

எங்கள் வீட்டுத் தாமிரத் தவலைக்கும் அப்படி ஒரு ஜாதகம் உண்டு. அம்மாவுக்கு வந்த சீர். மஞ்சக்குட்டைக் குளிரில் மூன்று தலைமுறை அதில் வெந்நீர் போட்டுக் குளித்திருக்கிறது. போன மார்கழியில் ஒரு விடியற்காலை பார்த்தால், கொல்லையில் அடுப்பு இருந்தது, தவலை இல்லை.

"தேடாதீங்கண்ணே. இந்நேரம் இருபது ஹேர்பின் வளைவும் இறங்கி சேலம் போயிருக்கும். உருக்கிட்டா அம்மா பேரும் சேர்ந்து உருகிடும்" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். ஆறுதல் சொல்வதில் சிலருக்குத் தனித் திறமை.

இருந்தாலும் இறங்கினேன். ஒரு பழைய இரும்புக் கடை. கடைக்காரர் நல்ல மாதிரி. ஸ்டூல் போட்டு, டீயும் சொன்னார்.

"விக்க வர்றவங்க பேர், ஊர் எழுதி வைப்பீங்களா?"

"எடையை எழுதுவோம் சார். ஆளை எதுக்கு எழுதணும்?"

"திருட்டுச் சாமானா இருந்தா?"

"கேட்டாத்தானே தெரியும்? தெரிஞ்சு வாங்கினாத்தானே தப்பு?"

மனுஷன் சட்டம் படித்தவர் போலத்தான் பேசினார். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ, நேர்மையில்லாமல் வாங்கினால் மூன்று வருஷம் வரை ஜெயில். முன்பு 411-வது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டத்தில் 317. ஆகவே, கேட்காமல் இருப்பதே கவசம் என்று ஒரு நினைப்பு. ஆனால் போலீஸ் வந்து நின்றால், இன்னாரிடம் வாங்கினேன் என்று காட்ட அவரிடமும் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது!

ரயில்வே சாமானுக்கு மட்டும் ராஜ மரியாதை. 1966-ம் வருஷச் சட்டப்படி, சந்தேகத்துக்குரிய ரயில்வே பொருள் கையில் இருந்தால், நியாயமாக வந்தது என்று வைத்திருப்பவர்தான் நிரூபிக்க வேண்டும். என்ன செய்வது, எங்கள் தவலை ரயில்வேயில் வேலை பார்க்கவில்லை.

தங்கத்தைப் பாருங்கள். ஹால்மார்க் நகைக்கு 2023 ஏப்ரல் 1 முதல் எழுத்தும் எண்ணுமாக ஆறு இலக்க அடையாளம். (நம் பாட்டிமார் அண்டாவில் எப்போதோ செய்துவிட்டதுதான்!) மூக்குத்தியை அடகு வைத்தால், 1943-லேயே வந்த சட்டப்படி, லைசென்ஸ் வாங்கிய கடைக்காரர் சீட்டு தந்தாக வேண்டும். பழைய உலோகத்துக்கும் வரிக் கணக்கு உண்டு. 2024 அக்டோபர் 10 முதல், ஜி.எஸ்.டி. பதிவில்லாதவரிடம் வாங்கினால், பதிவுள்ள வியாபாரியே வரியைக் கட்ட வேண்டும். கஜானாவுக்கு வழி தெரிகிறது. தவலைக்குத்தான் வீடு திரும்ப வழியில்லை.

போனது தவலை மட்டும் என்றால் இதை எழுதியிருக்க மாட்டேன். எங்கள் தெருவில் சாக்குப்பையோடு இரும்புத் துண்டும் பாட்டிலும் பொறுக்க ஒரு பாட்டி வருவார். "அந்தக் கிழவி முந்தாநாள்கூட இந்தப் பக்கம் சுத்திச்சே" என்றார் ஒருவர். சாயங்காலத்துக்குள் அது சாட்சியமாகி, அடுத்த நாள் தீர்ப்பாகிவிட்டது. நாலு பேர் நடுத்தெருவில் நிறுத்திப் பையைக் கொட்டச் சொன்னார்கள். ஆணியும் தகரமும்தான் விழுந்தன. "நான் தூக்குற கனமாய்யா அது?" என்று மட்டும் கேட்டார். அதன் பிறகு எங்கள் தெருப் பக்கம் வருவதில்லை. எந்தக் கடையிலாவது ஒரு நோட்டில் 'தவலை, இத்தனை கிலோ, கொண்டு வந்தவர் இன்னார்' என்று ஒரு வரி இருந்திருந்தால், அந்தப் பாட்டிக்கு அதுதான் வக்கீல்.

இங்கிலாந்தில் 2013-ம் வருஷச் சட்டம் ஒன்று இருக்கிறது. பழைய உலோகம் வாங்கும் வியாபாரி, விற்பவரின் அடையாளத்தைச் சரிபார்க்க வேண்டும். ரொக்கமாகப் பணம் தரக்கூடாது. அதை அப்படியே இங்கே கொண்டு வந்தால் பாட்டி பட்டினி. அரைக் கிலோ ஆணிக்கு செக் கொடுத்தால் அதை வைத்து உலையா கொதிக்கும்? 1963-ல் தங்கக் கட்டுப்பாடு வந்து, புது நகை 14 காரட்டுக்கு மேல் கூடாது என்றபோது, பிழைப்பு போனது பொற்கொல்லர்களுக்குத்தான். 1968-ல் தனிச் சட்டமே போட்டு, 1990-ல் வாபஸ் வாங்கினார்கள்.

ஆகவே ஆணியையும் தகரத்தையும் விட்டுவிடலாம். மோட்டார், செம்புக் கம்பி, காபி பல்பரின் செம்புத் தகடு, தவலை, அண்டா... இவை வந்தால் மட்டும் பேர், ஊர், ஒரு செல்போன் படம். உருக்குவதற்கு முன் ஒரு வாரம் பொறுமை. கடைக்காரருக்கும் அது பாதுகாப்புதானே?

அந்தக் காலத்தில் 'ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்' என்று கூவி வந்தவரிடம் நோட்டும் இல்லை, சட்டமும் இல்லை. ஆனால் பொடியன் டம்ளரைத் தூக்கிக்கொண்டு ஓடினால், "போயி அம்மாவைக் கூட்டியாடா" என்பார். எந்த டம்ளர் எந்த வீடு என்று அவருக்குத் தெரியும். இன்றைக்கு விற்பவர் யாரோ, வாங்குபவர் யாரோ. அவர் தலைக்குள் இருந்த கணக்கை இனிக் காகிதத்தில்தான் வைக்க வேண்டும். நாற்பது பக்க நோட்டு ஒன்று, பேனா ஒன்று.

பேரீச்சம்பழத்தை விட மலிவு.