நிக்கலுக்குச் சட்டை தைக்கும் அக்கா!

வாழைப்பழத்தைப் பழுக்க வைக்கும் வாயுவின் பெயர் எத்திலீன். அதில் இருப்பது இரண்டே கார்பன். இந்த வாயுவை நாலு, ஆறு, எட்டு கார்பன் கொண்ட குட்டிச் சங்கிலிகளாகக் கோக்க முடியும். அவை பால் பாக்கெட் போன்ற மெல்லிய உறைகள் எளிதில் கிழியாமல் இருக்க உதவுகின்றன. பன்னிரண்டு கார்பன் அளவுக்கு நீண்டவை, துணி துவைக்கும் பவுடர் வரை வந்துவிடுகின்றன.

கோத்துக் கொடுப்பதில் கெட்டிக்கார உலோகம் நிக்கல். என் அக்கா நாலு வருஷமாக பிஹெச்.டி செய்வது இதில்தான்.

"நிக்கலைத் தனியா விட்டா சொன்ன பேச்சு கேக்காதுடா. அதைச் சுத்தி லிகண்ட்னு ஒரு மூலக்கூறைக் கட்டணும். டெய்லர் அளவெடுத்துச் சட்டை தைக்கிற மாதிரி" என்பாள்.

சட்டை தடிமனாக இருந்தால் சங்கிலி அறுபடாமல் நீண்டு பிளாஸ்டிக் ஆகிவிடும். மெலிதாக இருந்தால் சீக்கிரமே அறுந்து, குட்டிச் சங்கிலிகள் கிடைக்கும். 1990-களில் அமெரிக்காவின் மாரிஸ் புரூக்ஹார்ட் குழு காட்டிய வித்தை இது.

போன மாதம், எட்டு மாத உழைப்பில் உருவான லிகண்ட் வேலை செய்யவில்லை. குடுவையின் அடியில் கறுப்புத் தூள்தான் மிஞ்சியது. அன்று இரவு அக்கா சாப்பிடவில்லை. "போதும்மா, ஏதாவது வேலைக்குப் போயிடு" என்றார் அப்பா.

மறுநாள் அப்பாவிடம், நான் படித்த ஒரு கதையைச் சொன்னேன். 1953, ஜெர்மனியின் மியூல்ஹைம் நகரம். கார்ல் சீக்லரின் ஆய்வகத்தில் நீண்ட சங்கிலிகளை எதிர்பார்த்தார்கள். வந்ததோ நாலு கார்பனோடு நின்றுபோன பியூட்டீன். காரணம், இரும்புக் கலத்தில் ஒட்டியிருந்த துளி நிக்கல்! அதைக் குப்பையில் போடாமல், மற்ற உலோகங்களையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார்கள். குறைந்த அழுத்தத்திலேயே பாலிஎத்திலீன் செய்யும் வழி கிடைத்தது. 1963-ல் சீக்லருக்கு நோபல் பரிசு.

காரியத்தைக் கெடுத்த அந்த நிக்கலும் வீணாகவில்லை. ஷெல் நிறுவனத்தில் வில்ஹெல்ம் கைம், பாஸ்பரஸும் ஆக்சிஜனும் சேர்ந்து பிடித்துக்கொள்ளும் லிகண்டை அதற்கு மாட்டினார். 1970-களின் கடைசியில் அது பெரிய ஆலையாகவே ஓடத் தொடங்கியது.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அக்காவைக் கூப்பிட்டு, "சரியா வராததை எல்லாம் எழுதி வெச்சிருக்கியாம்மா?" என்றார்.

"நோட்டுல அதுதான்ப்பா நிறைய இருக்கு."

"அப்போ பத்திரமா வை."

உதவித்தொகை இன்னும் ஒரு வருஷத்துக்குத்தான். அடுத்த சட்டைக்கு அக்கா அளவெடுத்துக்கொண்டிருக்கிறாள்.