ஆயிரத்தில் ஒரு பங்கு கப்பல்

விண்வெளிக் கப்பல் ஒன்றைச் சாப்பாட்டு மேஜையின் மேல் கட்டி முடிக்க எத்தனை நாள் ஆகும் என்று யாராவது உங்களைக் கேட்டால், பதினோரு நாள் என்று தயங்காமல் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் ஆயிற்று. பெட்டியின் மேல் என்னவோ, பசை வேண்டாம், அழுத்தினால் பொருந்திக்கொள்ளும் என்றுதான் போட்டிருந்தது!

அமெரிக்காவிலிருந்து வந்த என் தம்பி கொண்டுவந்த பெட்டி அது. 'ஸ்டார் டிரெக்' பார்த்திருப்பீர்கள், பார்க்காவிட்டாலும் பாதகமில்லை. 1966-ல் அமெரிக்க டெலிவிஷனில் தொடங்கிய விண்வெளிக் கதை. அதில் வரும் 'என்டர்பிரைஸ்' கப்பலின் பிளாஸ்டிக் மாடல். கதைப்படி கப்பலின் நீளம் 289 மீட்டர். அதை ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்தால் 29 சென்டிமீட்டர். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அடிஸ்கேலைவிடக் கொஞ்சம் குட்டை.

"முப்பத்தைந்து வயசிலே உனக்கு எதுக்குடி விளையாட்டுச் சாமான்?" என்றாள் அம்மா.

எனக்கல்ல. அப்பாவுக்கு.

அப்பா கம்பாசிடராக இருந்தவர். ஈய எழுத்துக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கியே எங்கள் இருவரையும் படிக்க வைத்தார். சென்ற வருஷம் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. இப்போது பாதி திரும்பி வந்திருக்கிறது. விரல்களுக்குச் சின்னச் சின்ன வேலை கொடுங்கள் என்றார், பயிற்சி கொடுக்க வருகிறவர். பட்டாணி பொறுக்கச் சொன்னோம். இரண்டு நாள் பொறுக்கினார். மூன்றாம் நாள் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு, "உருப்படியா ஏதாவது குடும்மா" என்றார்.

சரி, பெட்டிக்கு வருவோம். பாகங்களெல்லாம் ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் புளியங்கொத்துப் போலத் தொங்கிக்கொண்டு வருகின்றன. நகவெட்டியால் நறுக்கி எடுக்க வேண்டும். முன்பக்கம் பெரிய தட்டு. அதற்கு மேல் தட்டு, கீழ்த் தட்டு என்று இரண்டு. மூடி போட்ட சம்புடம் மாதிரி 'டக்'கென்று உட்கார்ந்தது. அதற்கு முழு மார்க் கொடுத்துவிடலாம்.

ஆனால் பக்கவாட்டில் மூட்டு தெரிந்தது. இந்தக் கப்பலை வரைந்தவர் மாட் ஜெஃப்ரீஸ் என்பவர். நிஜ விமானம் ஓட்டத் தெரிந்தவர். பழுது பார்க்க யாரும் வெளியே போய்த் தொங்கக் கூடாது, யந்திரமெல்லாம் உள்ளேயே இருக்கட்டும் என்று வெளிப்புறத்தை மழமழவென்று விட்டுவிட்டார். பார்க்க அழகுதான். கட்டுகிறவளுக்கல்லவா தெரியும் வம்பு! கோட்டை மறைக்க ஒரு குழாய் உண்டா, ஒரு புடைப்பு உண்டா? மக்குப் பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. தேய்த்தவர் அப்பா. நான்கு நாள். பட்டாணிக்கு வராத பொறுமை இதற்கு எங்கிருந்து வந்ததோ!

உண்மையான சோதனை பின்பக்கத்தில் இருக்கிறது. இரண்டு நீண்ட யந்திரக் குழல்கள், இரண்டு ஒல்லிக் கால்களின் மேல். இரண்டும் ஒரே சாய்வில் நிற்க வேண்டும். ஒன்று நூலளவு இறங்கினாலும் கப்பல் நொண்டுகிற மாதிரி இருக்கும். பசை வேண்டாம் என்ற பேச்சு இங்கேதான் பொய்த்தது. எங்கள் பெட்டியில் துளை ஒன்று தொளதொளவென்றிருந்தது. பசை தடவி, இரண்டு பக்கமும் புத்தகங்களை முட்டுக் கொடுத்து இராத்திரி முழுவதும் நிறுத்தினோம். காலையில் நான் அளவுகோலோடு வருமுன் அப்பா ஒரு கண்ணை மூடிப் பார்த்து, "இடது பக்கம் ஒரு மயிரிழை தூக்கணும்" என்றார். அளந்து பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி.

கடைசி வேலை எழுத்து ஒட்டுவது. தண்ணீரில் ஊறவைத்தால் படலம் கழன்றுவரும். சாமணத்தால் எடுத்து வழுக்கிவிட வேண்டும். அப்பாவுக்கு உற்சாகம் வரட்டும் என்று ஒரு கதை சொன்னேன். படம் பிடிப்பதற்காகச் செய்த பெரிய மாடலின் நீளம் 11 அடி. 1974-ல் வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் மியூசியத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். அதன் இடது பக்கத்தில் மின்சாரக் கம்பிகள் போவதால் அந்தப் பக்கத்தை அலங்கரிக்கவே இல்லை. எப்போதும் வலது பக்கம்தான் காமிராவுக்கு. மறுபக்கம் வேண்டுமென்றால் எழுத்தை இடம் வலமாக மாற்றி ஒட்டி, பிலிமைத் திருப்பிப் போட்டார்கள்.

"நம்ம தொழில்தான்!" என்று அப்பா வாய்விட்டுச் சிரித்தார். ஈய எழுத்தெல்லாம் திரும்பியவைதானே.

சிரித்த கையோடு குழலின் நம்பரை எடுத்தார். கை நடுங்கியது. 1701 மூன்று துண்டாகக் கிழிந்து தண்ணீரில் மிதந்தது: 17 ஒன்றாக, 0 தனியாக, 1 தனியாக. நான் கை நீட்டினேன். "விடு" என்றார். ஒவ்வொன்றாகச் சாமணத்தால் பிடித்து, கால் மணி நேரம், வியர்க்க வியர்க்க, கோடு பிசகாமல் ஒட்டி முடித்தார்.

1017.

அம்மா என்னைப் பார்த்தாள். முப்பது வருஷம் புரூஃபில் பிழை விடாத மனிதர். இப்போது எண்ணின் வரிசை அவருக்குப் பிடிபடவில்லை. கையைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தோமே தவிர, இதைப் பற்றி நாங்கள் நினைக்கவே இல்லை.

அவரும் கண்டுகொண்டார். முகம் சுருங்கிவிட்டது.

நல்ல வேளை, எனக்கு ஒன்று நினைவு வந்தது, இட்டுக்கட்டியதல்ல. 1967-ல் அந்தத் தொடரில் இன்னொரு கப்பல் தேவைப்பட்டது. கடையில் விற்ற ஏ.எம்.டி. கம்பெனியின் பிளாஸ்டிக் மாடலையே எடுத்துக் கட்டி, 1701-ஐக் கலைத்து 1017 ஆக்கி, 'கான்ஸ்டலேஷன்' என்று பெயர் வைத்து நடிக்க விட்டார்கள்.

"அந்தக் கப்பல் என்ன ஆச்சு?" என்றார் அப்பா.

தயங்கினேன். "அடிபட்ட கப்பல் அப்பா. பாதி எரிஞ்சு போச்சு. கிரகங்களையே விழுங்கற ஒரு பூதத்தோட வாயிலே அதை ஓட்டிவிட்டு வெடிக்க வைச்சுத்தான், மத்தக் கப்பலைக் காப்பாத்தினாங்க."

அப்பா குழலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மிச்சமிருந்த நம்பர்களை விளக்கடியில் நகர்த்தி வைத்துக்கொண்டார்.

"அந்த பிளேடை எடு. மறுபக்கமும் 1017 தான். ஒரு பக்கம் ஒண்ணு, மறுபக்கம் ஒண்ணுன்னு இருந்தா புரூஃப் ரீடர் விடமாட்டான்."