நோட்டன் பிரிட்ஜும் துருவத்து விலங்குகளும்

அட்டனிலிருந்து டிக்கோயா வழியாகக் காசல்ரி நீர்த்தேக்கத்தை ஒட்டிச் செல்லும் பாதையில், தேயிலைச் சரிவுகளைக் கடந்து சென்றால் நோட்டன் பிரிட்ஜை அடையலாம். கெஹெல்கமு ஓயாவை மறித்து நிற்கும் அணை, சிறியதொரு கடைத்தெரு, எந்நேரமும் பெய்யக் காத்திருக்கும் மழை, இவையே ஊர். இம்மலையருவிகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாமெனப் பொறியியலாளர் விமலசுரேந்திர 1918 இல் எடுத்துரைத்தார். 1950 இல் லக்ஷபான மின்நிலையம் இயங்கத் தொடங்கிற்று. அணையைக் காண வருவோர் பலர். நாம் சென்றதோ, அங்குள்ள பாறையைக் காண்பதற்கு.

கருஞ்சாம்பல் நிறமான அப்பாறையை நாம் தடவிப் பார்த்து நிற்பதைக் கண்ட தோட்டத்துப் பெரியவர் ஒருவர் அருகே வந்தார். "இந்தக் கல்லுக்குள்ள பழைய காலத்து மிருகத்தோட எலும்பு ஏதும் இருக்குமாங்கையா?" என்று வினவினார்.

இராது என்பதே விடை. மத்திய மலைநாட்டின் பாறைகள் ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், பூமியின் ஆழத்தே, 800 பாகை செல்சியஸை மிஞ்சிய வெப்பத்தில் வெந்து உருமாறியவை. முதுகெலும்புள்ள பிராணியே தோன்றாத காலம் அது. தோன்றியிருந்தாலும் அந்த உலையில் எந்த எலும்பு எஞ்சியிருக்கும்?

ஆயினும் இக்கல்லுக்கு ஓர் உடன்பிறப்பு உண்டு. இலங்கையின் தென்கோடியான தெய்வேந்திரமுனையிலிருந்து நேர் தெற்கே கப்பலோட்டினால், அந்தாட்டிக்கா வரையில் வேறு நிலமே குறுக்கிடாது. அக்கரையில், யப்பானியர் 1957 இல் நிறுவிய சியோவா ஆய்வுநிலையத்தைச் சூழ்ந்துள்ள பாறைகளும் நம் மலைநாட்டுப் பாறைகளும் ஒரே உலையில் வெந்தவை எனப் புவிச்சரிதவியலார் ஒப்பிட்டுக் கண்டனர். கொண்டுவானா என்னும் பெருங்கண்டத்தில் இந்தியாவுக்கும் அந்தாட்டிக்காவுக்கும் இடையே செருகப்பட்டிருந்தது நம் இலங்கை. ஏறக்குறைய 13 கோடி ஆண்டுகளுக்கு முன் அப்பெருநிலம் பிளந்தது. நாம் வடக்கே வந்தோம். உடன்பிறப்புத் தெற்கே தங்கிவிட்டது.

தங்கிய அந்நிலம் நெடுங்காலம் பனியால் மூடப்படாதிருந்தது. பூமியின் காற்றில் கரியமில வாயு இன்றுள்ளதைவிட மிகுந்திருந்த வெப்பயுகம் அது. அந்தாட்டிக்கத் தீபகற்பத்தின் நுனிக்கு அருகேயுள்ள சீமோர் தீவில், 1982 இல் உட்பேர்ன், சின்ஸ்மைஸ்டர் ஆகிய அமெரிக்க ஆராய்ச்சியாளர் குழுவினர் ஒரு சிறு விலங்கின் தாடையெலும்புகளைக் கண்டெடுத்தனர். கங்காருவைப்போல வயிற்றுப்பையுடைய குலத்தைச் சேர்ந்தது அது. வயது 4 கோடி ஆண்டுகளுக்கு மேல். அந்தாட்டிக்காவில் முதன்முதலாகக் கிடைத்த தரைவாழ் முலையூட்டி இதுவே. தென்னமெரிக்காவிலிருந்த பைவிலங்குகள் அவுஸ்திரேலியாவை அடைந்த வழி அந்தாட்டிக்கக் காடுகளே என்று முன்னரே ஊகித்திருந்தோருக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

தெற்கே கிடைத்தவை சிலவே. வடதுருவப் பக்கமோ வளம் மிக்கது. கனடாவின் எல்லெஸ்மியர் தீவில், 1975 இல் மேரி டோசன், றொபேட் வெஸ்ற் குழுவினர் தோண்டத் தொடங்கினர். ஏறத்தாழ 5 கோடியே 20 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்ட படைகளில் முதலையினம், ஆமை, தபிர் என்னும் மூக்கு நீண்ட விலங்கின் உறவினர், நீர்யானையை ஒத்த கோரிபோடன் ஆகியவற்றின் எச்சங்கள் வெளிப்பட்டன. அன்று அங்கே கோடை மாத வெப்பம் 20 பாகையை அண்டியிருந்ததாம். நம் மலைநாட்டின் இதமான பகற்பொழுது என்று கொள்ளுங்கள்! குளிர்காலத்திலும் உறைநிலைக்குக் கீழே பெரிதும் இறங்கவில்லை.

குளிர் தொல்லையில்லை, இருள்தான் தொல்லை. அந்த உயரத்தில் ஆண்டுதோறும் மாதக்கணக்காகச் சூரியன் எழாது. இலைகள் உதிர்ந்துவிடும். கோரிபோடன் கோடைக்கு வந்து கூதிருக்குத் தெற்கே போயிருக்குமோ? அதன் பற்களின் இரசாயனத்தை ஆராய்ந்து, 2009 இல் விடை கண்டனர். அது போகவில்லை. கோடையில் பசுந்தழையும், நெடிய இரவில் சுள்ளியும் சருகும் காளானும் தின்று ஆண்டு முழுவதும் அங்கேயே வாழ்ந்தது. குரங்கினத்தின் தூரத்து உறவினரான இக்னேசியஸ் என்பவற்றின் இரண்டு இனங்களும் அத்தீவில் இருந்ததாக 2023 இல் எழுதினர். தென்திசை உறவினரைவிட அவை உருவிற் பெரியன. கடினமான கொட்டைகளை உடைக்கவல்ல தாடை பெற்றிருந்தன. இருளின் பஞ்சமே அத்தாடையை உருவாக்கியது என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. ஒரு பல், ஒரு தாடைத் துண்டு எவ்வளவு பேசுகிறது!

இவற்றையெல்லாம் நாம் சொல்லக் கேட்ட பெரியவர், சிவனொளிபாதமலை இருந்த திசையைக் காட்டினார். மலைக்கு அப்பால் இரத்தினபுரியில் அவர் தம்பி மாணிக்கக்கல் அகழும் குழியில் வேலை செய்தவராம். அங்கே சேற்றுக்கடியிலுள்ள, சிங்களத்தில் 'இல்லம' எனப்படும் சரளைப்படையில் கல்லோடு எலும்பும் வரும். அப்படிக் குழிகளில் வந்தவற்றைச் சேர்த்தே, தேசிய நூதனசாலைகளின் பணிப்பாளராயிருந்த பி. ஈ. பி. தெரணியகல, நீர்யானையும் காண்டாமிருகமும் இத்தீவில் வாழ்ந்து மறைந்தன என்று காட்டினார். இலங்கைச் சிங்கத்துக்கு 1939 இல் அவர் பெயரிட்டது குருவிட்டையில் கிடைத்த பற்களைக் கொண்டே. துருவத்து விலங்குகளோடு ஒப்பிட்டால் இவை நேற்றைய பிராணிகள். ஆனால் நமக்கு வாய்த்த ஏடு இதுதான்.

"தம்பி குழியிலயும் ஒருதரம் கைமுட்டி அளவு பல்லு வந்திச்சுங்க," என்றார் பெரியவர்.

"அது இப்பொழுது எங்கே?" என்று பரபரப்புடன் கேட்டோம்.

"கல்லு இல்லீங்களே ஐயா. சேத்தோட சேத்துக் கொட்டிட்டாங்க. அப்புறம் குழியையும் மூடிட்டாங்க."

மழை இறங்கிவிட்டது. அணையருகே இருந்த தேநீர்க் கடையை நோக்கி நடந்தோம். எந்தக் குழி, எந்த ஊர், எந்த ஆண்டு என்று கேட்டு, அவர் நினைவிலிருந்தவற்றைக் குறித்துக்கொண்டோம்.