காது வைத்தியம்

மெஸி 135 ட்ரக்டர் ஸ்லோவில் நிற்கும்போது வருகிற சத்தம் உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். மூன்று சிலிண்டர் பேர்கின்ஸ் எஞ்சின். கொழுந்து மடுவத்தில் தராசு நிறுத்துக்கொண்டிருக்க, பக்கத்தில் அது தன்பாட்டுக்கு டுப்டுப்பென்று ஓடிக்கொண்டிருக்கும். 1,400 மீட்டருக்கு மேலே இருக்கிற அப்புத்தளைப் பனியில் வண்டி கண்ணுக்குத் தெரியாது. டீசலும் பச்சைக் கொழுந்தும் கலந்த வாசம்தான் முதலில் வந்து சேரும்.

அந்தத் தாளம் ஒருநாள் கெட்டது. ஏறுகிறது, இறங்குகிறது, பிறகு அணைந்தே போகிறது. எல்லாரும் பம்ப்பைத்தான் குறை சொன்னார்கள். சி.ஏ.வி. டி.பி.ஏ. பம்ப் அது, உள்ளே ஒரே ரோட்டர் சுழன்று மூன்று சிலிண்டருக்கும் முறை வைத்து டீசல் பங்கிடும். கழற்றிப் பதுளையில் பம்ப் ரூமுக்கு அனுப்பச் சொன்னார் கிளாக்கரையா.

மெக்கானிக் மாமா ஸ்பானரைத் தொடவில்லை. வெற்றிலையை அதக்கிக்கொண்டு, பொனட்டைத் திறந்து, கண்ணை மூடி நிற்கிறார். "பம்பு நல்லாத்தான் இருக்கு. எங்கயோ காத்து இழுக்குதுடா."

பில்டர் தலையிலுள்ள ஸ்க்ரூவைத் தளர்த்தி, லிப்ட் பம்ப் லீவரை என்னை அடிக்கச் சொன்னார். நுரை நுரையாக வந்தது. தெளிந்து வடியும்வரை அடிக்க வேண்டும். பிறகு அதை இறுக்கிவிட்டு பம்ப்பிலுள்ள ஸ்க்ரூக்கள், கடைசியில் இன்ஜெக்டர் நட்டுகள். வரிசை மாறினால் காற்று உள்ளேயே தங்கிவிடும். கை முழுக்க டீசல். சோறு சாப்பிடும்போதும் அந்த வாசம் போகாது.

ஓடவிட்டால் கொஞ்ச நேரத்தில் அதே ஏற்ற இறக்கம். மாமா பைப்பைத் தடவிக்கொண்டே டேங்க் வரை போனார். அடியிலுள்ள வலையில் சேறு. டீசல் வர வழியில்லாமல் லிப்ட் பம்ப் இழுத்த இழுப்பில், சேறு படியும் கிண்ணத்து வொஷரின் வெடிப்பு வழியாகக் காற்று புகுந்திருக்கிறது. கார்க் ஷீட்டில் கிண்ணத்தை அழுத்தி வட்டம் பதித்து, கத்தரிக்கோலால் நிதானமாகப் புது வொஷர் வெட்டினார். கடைசியில்தான் ஸ்லோ ஸ்க்ரூவில் கால் சுற்று. கூடிய வேகத்துக்கான ஸ்க்ரூவில் ஈய முத்திரை இருக்கும். அதன் பக்கமே கை போகாது.

மெஸி 135, 1964இல் வந்த மொடல். 1975இல் தேயிலைத் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது, 1992இல் கம்பனிகளிடம் கொடுத்தது. துரைமார் மாறினாலும் கொழுந்து சுமந்தது அதே ட்ரக்டர்தான்.

1890இல் லிப்டன் கட்டிய தம்பேத்தன்ன ஸ்டோர் பக்கம் இப்போது போனால் சுற்றுலாக்காரர்களை ஏற்றிய ஆட்டோக்கள்தான் வரிசையாக ஏறுகின்றன. கொழுந்து ஏற்றுவதும் இப்போது லொறிதான், அதில் கொமன் ரெயில் எஞ்சின். ஸ்லோ தடுமாறினால் ஒரு பையன் வயரைச் செருகித் திரையைப் பார்க்கிறான். கெட்டிக்காரன்; நொடியில் பிழையைச் சொல்லிவிடுகிறான். பக்கத்தில் ரேடியோ சத்தமாகப் பாடிக்கொண்டே இருக்கிறது. மாமாவாக இருந்தால் முதலில் அதை நிறுத்தச் சொல்லியிருப்பார்.