கிளச்சைத் தின்றது யார்?

பி.காம் படிக்கிறவனுக்கும் கிளச் பிளேட்டுக்கும் என்னடா சம்பந்தம்னு கேட்பீங்க. ஆடிட்டிங் பேப்பர்ல வவுச்சிங்னு ஒரு அத்தியாயம் வருமே மக்களே, ஒவ்வொரு பதிவுக்கும் பில் எங்கேன்னு தேடுற சமாச்சாரம், அதைப் பரீட்சைக்கு வெளியே நான் பயன்படுத்தினது இந்த ஒரே விஷயத்துலதான். அதனால கொஞ்சம் பொறுமையா படிங்க. கார் பிடிக்காதவங்களும் படிக்கலாம், உள்ளே ஒரு குடும்பச் சண்டை இருக்கு.

ஆக்லாந்துல நான் தங்கிப் படிக்கிறது சித்தப்பா வீட்டுல. அவர்கிட்ட 1992-ம் வருஷ யூனோஸ் ரோட்ஸ்டர் ஒண்ணு இருக்கு. மத்த நாட்டுல இதை மாஸ்டா எம்எக்ஸ்-5ன்னு சொல்வாங்க. ஜப்பான்ல மட்டும் யூனோஸ்ங்கிற பேர்ல வித்தாங்க, நியூசிலாந்துக்கு அங்கேருந்து பழைய வண்டியா நிறைய வந்திருக்கு. ரெண்டே சீட்டு, மேல துணிக் கூரை, 1.6 லிட்டர் எஞ்சின், அஞ்சு கியர். உலகத்துலயே அதிகமா வித்த ரெண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார் இந்த வகைதான். 2016-ல பத்து லட்சமாவது வண்டியே வெளிய வந்துடுச்சு. ஆனா சித்தப்பா அதை உலகத்துல ஒண்ணே ஒண்ணு இருக்கிற மாதிரிதான் துடைப்பார். (அவர் இதைப் படிக்க மாட்டார்ங்கிற தைரியத்துலதான் எழுதுறேன்.)

2021-ல 1,41,000 கிலோமீட்டர்ல புது கிளச் போட்டார். ஒழுங்கா ஓட்டினா ஒரு கிளச் ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டுறது ஒண்ணும் அதிசயமில்லை. இது 1,57,000-லயே வழுக்க ஆரம்பிச்சுடுச்சு. மேட்டுல நாலாவது கியர்ல மிதிச்சா எஞ்சின் கத்துது, வண்டி யோசிக்குது. ஒர்க்‌ஷாப்புல பார்த்துட்டு மெக்கானிக் ஒரே வரியில தீர்ப்பு சொல்லிட்டார்: "ஓட்டுறவங்க கிளச் மேலயே காலை வெச்சு ஓட்டுறாங்க."

2023 ஜனவரியிலேருந்து அந்த வண்டியை அதிகம் ஓட்டினது சித்தி. அவ்வளவுதான், வழக்கு முடிஞ்சது. சித்தப்பா திட்டல்லாம் இல்லை. "பரவாயில்லை விடு, உனக்கு ஆட்டோமேட்டிக்தான் சரி"ன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னார். திட்டியிருந்தாலாவது சித்தி பதிலுக்குக் கேட்டிருப்பாங்க. மறுநாள் சாவியை ஃப்ரிட்ஜ் மேல வெச்சுட்டு பஸ்ல வேலைக்குப் போக ஆரம்பிச்சாங்க. சென்னையில பத்து வருஷம் மாருதி 800-ஐ அண்ணா சாலை நெரிசல்ல ஓட்டினவங்க. ஒரு தடவை கூட கிளச் மாத்தினதில்லையாம். என்கிட்ட சமையல் பண்ணும்போது மெதுவா சொன்னாங்க, "நான் கால் வைக்கலடா. வெச்சா எனக்குத் தெரியாதா?"

எனக்கு அந்தக் கேள்விதான் உறுத்திச்சு. புது கிளச் போட்டுட்டா சித்தி மேல இருக்கிற பழி அப்படியே நிலைச்சிடும். அது போக, காரணம் வேற ஏதாவதுன்னா புதுசையும் அது தின்னுடும். செலவுல பாதிக்கு மேல கூலி, ஏன்னா கியர்பாக்ஸையே இறக்கணும். அதனால சித்தப்பாகிட்ட ரெண்டு வாரம் டைம் கேட்டேன்.

முதல்ல, நிஜமாவே வழுக்குதான்னு அளக்கணும். இதுக்கு மெஷின் எதுவும் வேண்டாம், கால்குலேட்டர் போதும். இந்த வண்டியில நாலாவது கியர் நேர் விகிதம், ஒண்ணுக்கு ஒண்ணு. டிஃபரன்ஷியல் விகிதம் 4.3. டயர் 185/60, 14 இஞ்ச், ஒரு சுத்துக்கு சுமார் 1.81 மீட்டர் போகும். கணக்குப் போட்டா நாலாவது கியர்ல 3000 சுற்றுக்கு 76 கிலோமீட்டர் வேகம் வரணும். போன்ல ஜிபிஎஸ் வேகத்தை நான் பார்க்க, சித்தப்பா மோட்டார்வேல ஓட்டினார். காலையில எடுத்த உடனே மிதிச்சுப் பார்த்தோம்: 76-க்கு 3000. கச்சிதம். அப்புறம் சாண்ட்ரிங்ஹாம் ரோடு, டொமினியன் ரோடுன்னு சிக்னல் சிக்னலா அரை மணி நேரம் உருட்டிட்டு மறுபடி அதே மோட்டார்வே. அதே 76-க்கு முள்ளு 3400-ஐத் தொட்டுது.

இங்கதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பிளேட் தேய்ஞ்சதுதான் ஒரே வியாதின்னா குளிர்ந்திருக்கும்போதும் கொஞ்சமாவது வழுக்கியிருக்கணும். சூடானா மட்டும் ஏன் வழுக்குது?

எண்ணெய்னு ஒரு சந்தேகம் இருந்துது. கியர்பாக்ஸ் மூடிக்குக் கீழ எண்ணெய்க் கசிவு. கிராங்க் பின் சீல் போயி எண்ணெய் கிளச்சுல படுதுன்னு சித்தப்பாவோட நண்பர் ஒருத்தர் அடிச்சுச் சொன்னார். ஆனா இந்த வண்டிக்காரங்க எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு வியாதி உண்டு: சிலிண்டர் ஹெட்டோட பின்பக்கம் கேம் ஆங்கிள் சென்சார்னு ஒண்ணு இருக்கும், அதோட ரப்பர் வளையம் காலப்போக்குல கல்லு மாதிரி ஆகிடும். அங்கேருந்து எண்ணெய் எஞ்சின் முதுகுல வழிஞ்சு, பார்க்கிறதுக்கு அசல் பின் சீல் கசிவு மாதிரியே கீழ சொட்டும். நல்லா துடைச்சுட்டு ரெண்டு நாள் கழிச்சு டார்ச் அடிச்சுப் பார்த்தா, ஈரம் மேலேருந்துதான் கோடா இறங்கியிருந்துது. அது கியர்பாக்ஸுக்கு வெளியில ஓடுற எண்ணெய். கிளச்சுக்கும் அதுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது.

அப்புறம்தான் வவுச்சிங். கார் டாஷ்போர்டு டப்பாவுல பில்லுங்க கத்தையா இருந்துது. எங்க குடும்பத்துல பில்லுல கடைசி வரித் தொகையைத் தவிர எதையும் யாரும் படிக்கிறதில்லை. தேதி வாரியா, கிலோமீட்டர் வாரியா அடுக்கினேன்.

1,44,200: ரிவர்ஸ் போடும்போது கரகரங்குது, பெடல் தாழ்ந்திருக்கு. "பெடல் அட்ஜஸ்ட் செய்யப்பட்டது."

1,46,000: ஸ்லேவ் சிலிண்டர் கசிவு. புதுசு மாத்தப்பட்டது.

1,47,600, 2022 டிசம்பர் சர்வீஸ்: கீழ பேனாவால ஒரு குறிப்பு, "கிளச் லேசாக வழுக்குகிறது, கவனிக்கவும்."

2022 டிசம்பர்! சித்தி அந்த ஸ்டியரிங்கைத் தொடுறதுக்கு ஒரு மாசம் முன்னாடி. எங்க ஆடிட்டிங் சார் பார்த்திருந்தா கண்ணீர் விட்டிருப்பார்.

இப்ப மெக்கானிசம். இந்த வண்டியில கிளச்சுக்கு கேபிள் கிடையாது, எண்ணெய் அழுத்தம்தான். பெடலை மிதிச்சா புஷ் ராட் மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனைத் தள்ளும், அந்த அழுத்தம் கீழ இருக்கிற ஸ்லேவ் சிலிண்டருக்குப் போயி கிளச்சைப் பிரிக்கும். காலை எடுத்ததும் பிஸ்டன் முழுசா பின்னால வரணும். வந்தாத்தான் மாஸ்டர் சிலிண்டருக்குள்ள ஒரு குட்டித் துவாரம் திறந்து, லைன்ல மிச்சம் இருக்கிற அழுத்தம் மேல டப்பாவுக்குத் திரும்பும். அதுக்காகத்தான் புஷ் ராடுக்கும் பிஸ்டனுக்கும் நடுவுல ஒரு சின்ன இடைவெளி விட்டிருப்பாங்க. பெடலைக் கையால அமுக்கினா ஆரம்பத்துல லேசா லொடலொடன்னு இருக்கணும், அதுதான் அந்த இடைவெளி.

1,44,200-ல என்ன நடந்திருக்கு? ஸ்லேவ் கசியுது, அதனால பெடல் தாழ்ந்துது. கசிவைப் பார்க்காம புஷ் ராடை நீட்டிப் பெடலைச் சரிக்கட்டியிருக்காங்க. அப்ப ஒண்ணும் ஆகலை, ஏன்னா கசிவு இருந்ததால அழுத்தம் தங்க வழியில்லை. 1,46,000-ல கசிவை அடைச்சாங்க, நீட்டின ராடைப் பழையபடி சுருக்கலை. இப்ப துவாரம் திறக்கவே திறக்காது. வண்டி சூடாக ஆக, பூட்டி வெச்ச எண்ணெய் விரியும், போக இடமில்லாம கிளச்சை லேசாப் பிரிச்சே வெச்சிருக்கும். பெடல் மேல யாரோ எப்பவும் கால் வெச்ச மாதிரி. மெக்கானிக் பார்த்த அறிகுறி சரிதான், கால்தான் சித்தியோடது இல்லை.

பெடலைக் கையால அமுக்கிப் பார்த்தேன். லொடலொடப்பு பூஜ்யம். லாக் நட்டுல ஸ்பேனர் பல் பதிஞ்ச தழும்பு.

ஆனா இது வரைக்கும் ஊகம்தானே. சோதனை ஒண்ணு பாக்கி. மறுபடி சிக்னல்ல உருட்டி, சூடு பண்ணி, வழுக்குதுன்னு உறுதி பண்ணிக்கிட்டு, ஓரமா நிறுத்தினோம். ஸ்லேவ் சிலிண்டர்ல காத்து எடுக்கிற ப்ளீடர் நிப்பிளுக்கு ஒரு ட்யூப் மாட்டி அரைத் திருகு திறந்தேன். பெடல் மேல யார் காலும் இல்லை. எண்ணெய் சர்ருனு பீச்சிச்சு. மூடிட்டு உடனே மோட்டார்வே ஏறினோம். 76-க்கு 3000. சித்தப்பா ஒண்ணும் பேசலை. வீடு வர்ற வரைக்கும் ரேடியோவும் போடலை.

ராடைச் சுருக்கி இடைவெளி விட்டோம். இருந்தாலும் பதினோராயிரம் கிலோமீட்டர் தேய்ச்சது தேய்ச்சதுதானே, வேற ஒர்க்‌ஷாப்புல கியர்பாக்ஸை இறக்கினாங்க. பிளேட் ரிவெட் வரைக்கும் தேய்ஞ்சு, ஃப்ளைவீல்ல நீல நீலமா சூட்டுத் திட்டு. ஒரு சொட்டு எண்ணெய் கூட இல்லை. அந்தத் திட்டை மட்டும் பார்த்தா யாரும் காலைத்தான் குத்தம் சொல்வாங்க, ரெண்டு காரணமும் ஒரே தழும்பைத்தான் போடும். ஃப்ளைவீலைக் கடைஞ்சு, புது கிளச், புது ரிலீஸ் பேரிங், அப்படியே அந்த ரப்பர் வளையமும்.

இது 2024-ல. அதுக்கப்புறம் 14,000 கிலோமீட்டர் ஓடியாச்சு, பாதிக்கு மேல சித்திதான். சூடானாலும் 76-க்கு 3000 மாறலை. சித்தப்பா சித்திகிட்ட மன்னிப்பெல்லாம் கேட்கலை. சாவியை ஃப்ரிட்ஜ் மேலேருந்து எடுத்து அவங்க ஹேண்ட்பேக்குல போட்டு வெச்சார், அவ்வளவுதான். ஆனா சித்தி ஓட்டும்போது பக்கத்து சீட்டுல உட்கார்ந்தார்னா, கண்ணு இன்னமும் அவங்க இடது காலுக்குப் போயிட்டுத்தான் வருது.