ராமானுஜன் விட்ட எண்

கருணாபுரம் என்று சொன்னால் அடுத்து என்ன கேட்பார்கள் என்று எங்களுக்குத் தெரியும். 2024 ஜூனில் கள்ளச்சாராயம் குடித்துச் செத்தவர்களை டிவியில் காலையில் ஒரு எண்ணாகச் சொன்னார்கள், ராத்திரி இன்னொரு எண்ணாக. அறுபதைத் தாண்டியும் ஏறியது. அதற்குப் பிறகு இந்தத் தெருவில் எண்களைப் பற்றிப் பேச எனக்குக் கூச்சம். ஆனால் நான் எடுப்பது கணக்கு டியூஷன். வேறென்ன பேச?

பல வாரம் நின்றுபோன டியூஷன் மறுபடி தொடங்கியபோது, ஒன்பதாவது படிக்கிற பெண் ஒருத்தி வாசலிலேயே நின்றாள். "நிறைய விட்டுட்டேண்ணா. இனிமே வரல." அவள் வீட்டுக் கதை இங்கே வேண்டாம். எனக்கு ஆறுதல் சொல்ல வராது. கரும்பலகையில் 293318625600 என்று எழுதினேன்.

12-க்கு ஆறு வகுத்திகள்: 1, 2, 3, 4, 6, 12. அதற்குக் கீழே உள்ள எந்த எண்ணுக்கும் ஆறு கிடையாது. இப்படித் தனக்கு முன்னால் வந்த எல்லாரையும் வகுத்திகளின் எண்ணிக்கையில் தோற்கடிக்கிற எண்களைத்தான் ராமானுஜன் 1915-ல் ஒரு நீண்ட கட்டுரையாக எழுதினார். எஃப்.ஏ. பரீட்சையே தேறாதவருக்கு 1916-ல் கேம்பிரிட்ஜ் பட்டம் கொடுத்தது இந்த வேலைக்காக. அதில் 6746328388800 வரை ஒரு பட்டியல் இருக்கிறது. கால்குலேட்டர் இல்லாத காலம், நூற்றுச் சொச்சம் எண்கள். அதில் ஒன்றை விட்டுவிட்டார்.

"இதுதான் அது" என்றேன்.

"ராமானுஜனேவா?" உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

அவர் நம்ம பக்கம் வந்தவர்தான் என்றும் சொன்னேன். 1910-ல் திருக்கோவிலூருக்கு நோட்டுப்புத்தகத்தோடு வந்து, அங்கே டெபுடி கலெக்டராக இருந்த ராமசாமி ஐயரிடம் குமாஸ்தா வேலை கேட்டார். இந்தியக் கணிதக் கழகத்தை ஆரம்பித்தவர் ஐயர். நோட்டைப் பார்த்துவிட்டு, இவரைத் தாலுகா ஆபீசில் முடக்க மனசில்லாமல் சென்னைக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். (எங்க ஊரில் அந்த வேலைக்கு இன்றும் வரிசை நிற்கிறது. கிடைக்காததைக் கொண்டாடுவது எனக்குக் கொஞ்சம் கஷ்டம்தான்.)

அதற்குள் அவள் பகா காரணிகளாகப் பிரிக்க ஆரம்பித்திருந்தாள். இரண்டு ஆறு தடவை, மூன்று நாலு தடவை, ஐந்தும் ஏழும் ரெண்டு ரெண்டு, அப்புறம் 11, 13, 17, 19 ஒவ்வொன்று. அடுக்கோடு ஒன்று கூட்டிப் பெருக்கச் சொன்னேன்: 7×5×3×3×2×2×2×2. விடை 5040. அத்தனை வகுத்திகள். அந்த 5040-ம் இதே ஜாதி எண்தான், அதற்கே 60 வகுத்திகள்.

"இதை 23-ஆல பெருக்கு."

பெருக்கினால் ராமானுஜன் பட்டியலின் கடைசி எண் வரும். விட்டுப்போன எண் அதற்குள்ளேயே இருக்கிறது. அதை நான் சொல்லவில்லை, அவளே பார்க்கட்டும் என்று சாக்பீஸை நீட்டினேன். முதல் தடவை ஒரு சைபர் குறைந்தது. துப்பட்டா முனையால் அழித்துவிட்டு மறுபடி மேலேயிருந்து ஆரம்பித்தாள்.